விருந்தாளி ஸ்வெட்டர் யாருடைய ஜோக்? குன்னூரில் பார்த்த ஒரு ஸ்டாண்ட்-அப் நிகழ்ச்சியும் என் சந்தேகமும்

கேத்திக்காரி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். மூன்று நாளாக மனத்தில் கிடந்து உறுத்துகிறது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை குன்னூரில் ஒரு ஹோட்டல் அரங்கில் ஸ்டாண்ட்-அப் நிகழ்ச்சி நடந்தது. சென்னையிலிருந்து வந்தவர், பலருக்கும் தெரிந்த முகம். பெயர் சொல்லப் போவதில்லை, நீங்களும் ஊகித்து எழுத வேண்டாம். மலைக்கு இப்படி யாராவது வருவதே அபூர்வம். கோவைக்குப் போனால்தான் பார்க்கலாம், ராத்திரி திரும்பி ஏற வழி இருக்காது. அதனால் நான், தங்கை, தங்கையின் கணவர் மூவரும் ஆசையாகப் போனோம். முதல் ஒரு மணி நேரம் வயிறு வலிக்கச் சிரித்தோம். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

அப்புறம் அவர் ஒரு ஸ்வெட்டர் கதை சொன்னார். ஊட்டியில் இருக்கும் அத்தை வீட்டில் விருந்தாளிகளுக்கென்று ஒரே ஒரு மெரூன் ஸ்வெட்டர். கீழேயிருந்து யார் வந்தாலும் அதைத்தான் கொடுப்பார்கள். எல்லோரும் அதைப் போட்டுக்கொண்டு பொட்டானிக்கல் கார்டனில் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். சொந்தக்காரர்கள் எல்லார் ஆல்பத்திலும் அந்த ஸ்வெட்டர் இருக்கும், அத்தை குடும்பத்தில் ஒருவர்கூட இருக்க மாட்டார்கள். பிறகு சென்னையில் ஒரு கல்யாணம். அத்தை மகன் வந்து நிற்கிறான், யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பையிலிருந்து அந்த ஸ்வெட்டரை எடுத்து மாட்டுகிறான். உடனே மண்டபமே எழுந்து, "அட, ஊட்டிக்காரங்க வந்தாச்சு, பந்தியில உட்காருங்க!"

அரங்கமே அதிர்ந்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. எட்டு மாதத்துக்கு முன் கோவையில் ஒரு காபி கடையின் ஓப்பன் மைக்கில் (புதியவர்களும் மேடையேறி ஐந்து நிமிடம் பேசிப் பார்க்கும் நிகழ்ச்சி) இதே கதையை ஒரு தம்பி சொல்லக் கேட்டிருக்கிறேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்துப் பையன். ஸ்வெட்டர் அவன் வீட்டு ஸ்வெட்டர். பின்னியது அவன் அம்மா. திருப்பூர்க் கல்யாணத்தில் சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு போனது அவனே. ஒரு பொத்தான் மட்டும் பச்சை நிறம் என்பது முதற்கொண்டு இரண்டிலும் ஒன்று.

இதை என்னவென்று சொல்வது? சந்தேகப்படுவது தவறா?

---

மலைரயில்46

அக்கா, எனக்கு உங்கள் கோபம் புரிகிறது. ஆனாலும் அவசரப்பட வேண்டாம் என்பேன். எங்கள் வீட்டிலும் விருந்தாளி ஸ்வெட்டர் இருந்தது. சாம்பல் நிறம். வெலிங்டனில் என் பெரியம்மா வீட்டில் ஒன்று, அருவங்காட்டில் என் நண்பன் வீட்டில் ஒன்று. மலையில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரே ஊர், ஒரே குளிர், ஒரே சொந்தக்காரர்கள். இருவருக்குத் தனித்தனியாக அதே கதை தோன்றலாமே?

2024 மே 7 அன்று நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. அன்றிலிருந்து மலையேறி வருகிற பேச்சாளர்கள் எல்லோரும் இ-பாஸ் ஜோக்கோடுதான் தொடங்குகிறார்கள். "மாமியார் வீட்டுக்கு வரவும் இ-பாஸ் கேட்கணும்" என்பதை நான் மட்டுமே நாலு பேரிடம் கேட்டிருக்கிறேன். நாலு பேரும் திருடர்கள் இல்லை.

---

நீதிமன்றச்சாலை

ஊட்டியில் வக்கீலாக இருக்கிறேன். சட்டம் எங்கே நிற்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

நம் நாட்டில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம்தான். கருத்துக்குப் பாதுகாப்பு இல்லை, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் பாதுகாப்பு. ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. ஒரு நாடகத்தை எடுத்துப் படமாக்கிவிட்டார்கள் என்று அதை எழுதியவர் தொடுத்த வழக்கு. கரு ஒன்றாக இருந்தாலும் நடத்திய விதம் வேறு என்று தள்ளுபடி ஆனது. இரண்டையும் பார்த்த ஒருவருக்கு 'இது அதன் நகல்' என்று சந்தேகமில்லாமல் தோன்ற வேண்டும் என்பது அங்கே வைத்த அளவுகோல்.

ஜோக்குக்கு இது இன்னும் கடினம். அமெரிக்காவில் இரவு நேர டிவி நகைச்சுவை நிகழ்ச்சி நடத்திய கோனன் ஓ'பிரையன் மேல் அலெக்ஸ் கேஸ்பெர்க் என்ற எழுத்தாளர் 2015இல் வழக்குப் போட்டார். தான் வலைப்பதிவிலும் ட்விட்டரிலும் எழுதிய ஜோக்குகள் சில நாளில் கோனன் நிகழ்ச்சியில் வந்தன என்பது புகார். அன்றன்று வந்த செய்திகளை வைத்துச் செய்த ஜோக்குகள் அவை. அந்த வகையில் சொல்ல வழிகள் குறைவு என்பதால் பாதுகாப்பும் மெல்லியதுதான் என்று 2017இல் நீதிபதி சொன்னார். ஏறக்குறைய வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப்போனால்தான் நிற்கும். 2019இல், விசாரணை தொடங்கும் முன்பே சமரசம் ஆகிவிட்டது. தாங்கள் அவற்றைப் பார்க்கவே இல்லை, ஒரே செய்தியிலிருந்து ஒரே ஜோக் இரு இடத்தில் பிறக்கும் என்று கோனன் கடைசிவரை சொன்னார்.

ஆகவே நீதிமன்ற வழியில் அந்தத் தம்பிக்கு வழி கிடையாது. வழக்குச் செலவில் நூறு ஸ்வெட்டர் வாங்கலாம்.

---

கேத்திக்காரி

வக்கீல் ஐயா, நன்றி. மலைரயில், நீங்கள் சொல்வது ஸ்வெட்டருக்குப் பொருந்தும், ஒத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. ஆனால் கல்யாண மண்டபத்தில் ஸ்வெட்டரைப் போட்டதும் அடையாளம் தெரிவது? 'ஊட்டிக்காரங்க வந்தாச்சு'? அது குளிரிலிருந்து தானாக வந்துவிடுமா? அதை ஒருவர் உட்கார்ந்து யோசித்துத்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

---

சேரிங்கிராஸ்

காசு கொடுத்துப் போனோம், சிரித்தோம், வந்தோம். யார் எழுதினது என்று சமையல்காரரிடம் கேட்டா பிரியாணி சாப்பிடுகிறோம்?

---

தமிழாசிரியர்_ஓய்வு

தம்பி சேரிங்கிராஸ், பிரியாணிக்கும் செய்தவர் பெயரைச் சொல்லித்தானே கடை தேடிப் போகிறோம்?

நான் முப்பத்திரண்டு ஆண்டு தமிழ் நடத்தினேன். ஜோக் பயணம் போவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையில் குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடக்கிறார்கள். கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைத்து, ஆறு தூங்குகிறதா என்று பார்க்கிறார்கள். அக்கரையில் எண்ணிப் பார்த்தால் ஐந்து பேர்தான் வருகிறது, எண்ணுகிறவன் தன்னை விட்டுவிடுகிறான். ஒருவனை ஆறு கொண்டுபோய்விட்டது என்று அழுகிறார்கள். வகுப்பில் எத்தனை முறை படித்தாலும் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

இந்த எண்ணும் கதை இங்கிலாந்தில் கோத்தம் என்ற ஊர்க்காரர்களைப் பற்றியும் உண்டு, வீரமாமுனிவர் பிறப்பதற்கு முன்பே. அந்தக் கதையில் மீன் பிடிக்கப் போன பன்னிரண்டு பேர் தங்களை எண்ணிப் பதினொன்று என்று அழுகிறார்கள். வீரமாமுனிவர் இத்தாலிக்காரர், அங்கிருந்து கொண்டு வந்தாரோ, இங்கே கேட்டதை எழுதினாரோ. ஆனால் கொள்ளிக்கட்டையும் குருவும் சீடர்களும் அவர் தமிழில் தந்தவிதமும் வேறு யாருக்கும் இல்லை. தெனாலிராமன் கதை என்று நாம் சொல்வதை வடக்கே பீர்பால் கதை என்பார்கள்.

எனவே கரு ஊர் சுற்றும். அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. உயிரோடு இருக்கும் ஒருவர் போன மாதம் எழுதியதும் அப்படிப்பட்ட ஊர்ச்சொத்தா என்பதுதான் கேத்திக்காரி அம்மா கேட்கும் கேள்வி என்று நினைக்கிறேன்.

---

டான்டீ_லைன்

ஐயா சொன்னதைப் படித்ததும் என் தாத்தா ஞாபகம் வந்தது. நாங்கள் சிலோனிலிருந்து வந்தவர்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்த குடும்பம், அரசுத் தேயிலைக் கழகமான டான்டீயின் தோட்டத்தில் வேலை. தாத்தாவிடம் துரை–கங்காணி கதைகள் நூறு இருக்கும். துரை தமிழைத் தப்பாகப் பேசுவது, கங்காணி அதை வேண்டுமென்றே தப்பாகப் புரிந்துகொள்வது. ராத்திரி லைன் வீட்டு வாசலில் நெருப்புப் போட்டு உட்கார்ந்து சொல்வார். கொழுந்து பறித்துக் கை வெடித்துப்போன பாட்டிமார் எல்லாம் சிரித்துச் சிரித்து அழுவார்கள்.

அந்தக் கதைகளையே வால்பாறையிலும் கேட்டிருக்கிறேன். யாரும் யாரையும் திருடன் என்று சொன்னதில்லை. ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். தாத்தா சொல்லும்போது கங்காணி ஜெயிப்பார். ஒருமுறை வெளியூர்ப் பேச்சாளர் ஒருவர் மேடையில் அதே கதையைச் சொன்னார், அதில் தோட்டத்து ஆள்தான் முட்டாள். கதை ஒன்றுதான். எங்கள் லைன் ஆட்கள் பாதியில் எழுந்து வந்துவிட்டோம்.

அக்கா சொன்ன ஸ்வெட்டர் கதையிலும் அதுதான் நடந்திருக்கிறதோ? தம்பி சொன்னபோது சொந்தக்காரர்களைப் பார்த்துச் சிரித்தோம். அவர் சொன்னபோது அத்தை மகனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

---

கேத்திக்காரி

டான்டீ லைன் அண்ணா, இதைத்தான் என்னால் வார்த்தையில் சொல்ல முடியவில்லை. அரங்கில் எனக்குச் சிரிப்பு வராமல் போனது அதனால்தான். நன்றி.

---

வைகைக்கரை

மதுரையிலிருந்து எழுதுகிறேன், மலைக்குச் சம்பந்தமில்லை என்றாலும். எங்கள் பக்கம் ஸ்பெஷல் நாடகம் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணம் முதலியவை, கோவில் திருவிழாவுக்கு விடிய விடிய நடக்கும். நாடகம் தொடங்கும் முன் பபூன் வருவார். என் மாமா முப்பது வருஷம் பபூன் வேஷம் கட்டினார்.

அங்கே ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் எல்லோரையும் தனித்தனியாக வெவ்வேறு ஊரிலிருந்து அழைப்பார்கள். ஒத்திகை கிடையாது. அன்று ராத்திரி மேடையில்தான் முதல்முறை சந்திப்பார்கள். அப்படியிருக்க, பபூன் ஒரு வரி எடுத்தால் டான்ஸ்காரி அடுத்த வரி எடுக்க வேண்டும். இருவருக்கும் ஒரே ஜோக்குகள் தெரிந்திருந்தால்தான் நாடகமே நடக்கும். அங்கே ஜோக் பொதுச்சொத்து, மிருதங்கம் மாதிரி. மாமா சொன்னதையே இன்னொருவர் சொன்னால் மாமாவுக்குக் கோபம் வராது. நன்றாகச் சொல்லவில்லை என்றால்தான் கோபம் வரும்.

ஸ்டாண்ட்-அப் அப்படி இல்லையே. அங்கே 'என் அம்மா, என் வீடு' என்று தன் பெயரில் தனியாக நின்று சொல்கிறார்கள். பபூன் ஒருநாளும் அது தன் அம்மா என்று சொன்னதில்லை.

---

நீதிமன்றச்சாலை

வைகைக்கரை சொன்னது மிக முக்கியம். அமெரிக்காவிலும் இதே மாற்றம் நடந்திருக்கிறது. பழைய வோட்வில் மேடைக் காலத்தில் ஒருவர் ஜோக்கை இன்னொருவர் சொல்வது சாதாரணம். மில்டன் பெர்ல் அடுத்தவர் ஜோக்கைச் சொல்வதற்கே பட்டப்பெயர் வாங்கியவர், அதனால் அவர் தொழில் கெடவில்லை. பிறகு ஆட்கள் சொந்த வாழ்க்கையைப் பேசத் தொடங்கியதும் கட்டுப்பாடு வந்தது. டோட்டன் ஒலியார், கிறிஸ்டபர் ஸ்ப்ரிக்மன் என்ற இரண்டு சட்டப் பேராசிரியர்கள் நகைச்சுவையாளர்களிடம் பேசி 2008இல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். சட்டம் உதவாத இடத்தில் அவர்களே விதி வைத்திருக்கிறார்கள். முதலில் நேரில் போய்க் கேட்பது. 'இது என்னிடமும் இருக்கிறது' என்றால் பெரும்பாலும் ஒருவர் விட்டுக்கொடுத்துவிடுவார். திரும்பத் திரும்ப எடுப்பவரோடு மேடையேற மறுப்பார்கள், அவரைப் பற்றிப் பேச்சுப் பரவும். 2007இல் லாஸ் ஏஞ்சலஸ் காமெடி ஸ்டோரில் ஜோ ரோகன் என்ற நகைச்சுவையாளர், இன்னொரு நகைச்சுவையாளரான கார்லோஸ் மென்சியாவை ஜோக் திருடுகிறார் என்று மேடையிலேயே எதிர்கொண்டது அந்த வகை. வீடியோ உலகம் முழுக்கப் போனது, மென்சியாவின் பெயர் அதன்பின் பழைய நிலைக்கு வரவில்லை.

ஆனால் அதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. இதற்கு நீதிபதி கிடையாது. சந்தேகமே தீர்ப்பாகிவிடும். எய்மி ஷூமர் என்ற நகைச்சுவையாளர் மேல் 2016இல் இப்படிப் புகார் வந்தபோது, உண்மை கண்டறியும் சோதனைக்கே தயார் என்று அவர் சொல்ல வேண்டியதாயிற்று. அதனால்தான் கேத்திக்காரி பெயர் சொல்லாதது சரி என்கிறேன்.

---

ஐந்துநிமிடம்

நான் கோவையில் ஓப்பன் மைக் செய்கிறவன். பகலில் மோட்டார் பம்ப் கம்பெனியில் வேலை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், மன்னியுங்கள்.

ஐந்து நிமிட செட் எழுத எனக்கு ஐந்தாறு மாதம் ஆகிறது. வாரம் ஒருநாள் மேடை. முதல்முறை சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள். ஒரு வார்த்தையை முன்னே போடுவோம், ஒரு மூச்சு இடைவெளி விடுவோம். அடுத்த வாரம் ஒருவர் சிரிப்பார். 'கல்யாணத்துக்குப் போனேன்' என்பதற்குப் பதில் 'சித்திரை மாசம், திருப்பூர், ஏசி இல்லாத மண்டபம்' என்று சொன்னால்தான் ஸ்வெட்டர் வேலை செய்யும். அதைக் கண்டுபிடிக்கப் பத்து மேடை போகும். பத்திலும் சிரிப்பே வராமல் இறங்கி வந்திருப்போம். வெளியிலிருந்து பார்த்தால் யாரும் சொல்லக்கூடிய கதை மாதிரித்தான் இருக்கும். பழைய டிவி காமெடிப் போட்டிகளில் எஸ்எம்எஸ் ஜோக்கைச் சொல்லிப் பரிசு வாங்கினார்கள், அது அந்தக் காலம். இப்போது எங்களிடம் இருப்பது எங்கள் வீட்டுக் கதை மட்டும்தான்.

பெரியவர்கள் வேண்டுமென்றே எடுக்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களும் எங்கள் ஓப்பன் மைக்குக்கு வந்து புதிதாக எழுதியதைச் சோதித்துப் பார்ப்பார்கள், பின்வரிசையில் உட்கார்ந்து எங்களைக் கேட்பார்கள். ஆறு மாதம் கழித்து எழுத உட்காரும்போது கேட்டது ஞாபகமா, தோன்றியதா என்று யாருக்குத் தெரியும்? 1989இல் பிரவுன், மர்ஃபி என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழுவை உட்காரவைத்து, ஆளுக்கு ஆள் முறை வைத்து ஒரு வகைப் பொருள்களின் பெயர்களைச் சொல்லச் சொன்னார்கள். அப்புறம், தான் சொன்னதை எழுது, புதிதாக வேறு எழுது என்றார்கள். பக்கத்தில் இருந்தவர் சொன்னதையே தன்னுடையது என்று நம்பி எழுதியவர்கள் கணிசம். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே நம்பினார்கள்.

இருந்தாலும் நஷ்டம் ஒரே பக்கம்தான். அவர் அந்தக் கதையை விட்டாலும் இன்னும் ஐம்பது நிமிடம் கையில் இருக்கும். அந்தத் தம்பி இனி அதைச் சொன்னால், 'அவரிடமிருந்து எடுத்தது' என்பார்கள். அவனுடைய ஐந்து நிமிடமும் போய்விடும். எங்கள் பயமெல்லாம் அதுதான்.

அக்கா, அந்தப் பையன் யார் என்று எனக்குத் தெரியும். உங்களிடம் பேசச் சொல்கிறேன்.

---

கேத்திக்காரி

நேற்று அந்தத் தம்பி போனில் பேசினான். முக்கால் மணி நேரம் பேசினோம். சில விஷயங்களைத் திருத்த வேண்டும். முதல் திருத்தம் என்னுடையது.

கோவையில் அவன் சொன்னதை அவன் நண்பன் போனில் பதிவு செய்திருக்கிறான். அனுப்பினான், மூன்று முறை கேட்டேன். அதில் பச்சைப் பொத்தான் இல்லை. எங்கேயும் இல்லை. குன்னூரில்தான் அது வந்திருக்கிறது. அங்கே கேட்டதை நானே இங்கே ஒட்டிவைத்து, இரண்டிலும் இருந்தது என்று சத்தியம் செய்யாத குறையாக எழுதிவிட்டேன். முதல் பதிவில் இருக்கும் அந்த வரி தவறு. மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் மெரூன் நிறம், ஆல்பம், கல்யாண மண்டபம், 'ஊட்டிக்காரங்க வந்தாச்சு' எல்லாம் பதிவில் அப்படியே இருக்கின்றன. அதே வரிசையில்.

அவன் சொன்ன இன்னொன்றைக் கேட்டு நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டேன். அந்தக் கடைசி வரி அவனுடையது இல்லையாம், அவன் அம்மாவுடையது. ஒரு கல்யாணத்திலிருந்து திரும்பும்போது பேருந்தில், "நம்மள யாருக்கும் தெரியல, ஸ்வெட்டர போட்டுட்டுப் போயிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்று அம்மா சொன்னாராம். சிரித்துக்கொண்டு சொல்லவில்லையாம். ஒரு வருஷம் கழித்துத்தான் அதில் சிரிப்பு இருப்பது இவனுக்குத் தெரிந்திருக்கிறது. மேடையில் சொல்லலாமா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறான். "சொல்லு, ஆனா சித்தி பேரச் சொல்லாத" என்று அனுமதி கொடுத்தாராம்.

சென்னைக்காரரைப் பற்றிக் கோபமாகப் பேசவில்லை. நிகழ்ச்சி நடத்தியவர்கள் மூலம் நேரடியாக ஒரு செய்தி அனுப்பியிருக்கிறான், பதிவையும் சேர்த்து. இன்னும் பதில் இல்லை. பதில் வரும்வரை இங்கே அவர் யாரென்று தேட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான்.

---

மலைரயில்46

அக்கா, நானும் திருத்திக்கொள்கிறேன். ஸ்வெட்டர் எல்லார் வீட்டிலும் இருந்தது. பேருந்தில் அந்த வரியைச் சொன்னது ஒரே அம்மாதான்.

---

சேரிங்கிராஸ்

அந்த அம்மா பேருந்தில் சொன்னதைப் படித்தபிறகு என் முதல் பதிலை எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். எடுக்க வழியில்லை. அப்படியே இருக்கட்டும், மனம் மாறியது என்று இதில் சொல்லிக்கொள்கிறேன்.

தம்பி மலையில் எங்காவது சொல்லியிருக்கிறானா?

---

கேத்திக்காரி

இல்லை. கோவையில் மட்டும்தான். இங்கே மேடை எங்கே இருக்கிறது?

---

டான்டீ_லைன்

கோத்தகிரியில் எங்கள் நலச்சங்கத்துக்கு ஒரு கூடம் இருக்கிறது. அறுபது நாற்காலி. மைக் செட் இருக்கிறது, கொஞ்சம் கரகரக்கும். வாடகை வேண்டாம். தம்பி இருபது நிமிடம் பேசுவானா என்று கேளுங்கள். அம்மாவையும் அழைத்து வரச் சொல்லுங்கள். போனில் முழுசாகப் பதிவு செய்து, தேதி போட்டு வைப்போம்.

---

ஐந்துநிமிடம்

நானும் வருகிறேன். அவனுக்கு முன் பத்து நிமிடம் நான் பேசிச் சூடு பண்ணித் தருகிறேன். மைக்குக்கு வேறு ஒயர் கொண்டு வருகிறேன்.

---

கேத்திக்காரி

கேட்டேன். சரி என்றான். ஞாயிற்றுக்கிழமைதான் முடியும், மற்ற நாளில் அம்மாவுக்குக் கொழுந்து இருக்கிறது. மாலை நான்கு மணிக்குத் தொடங்கினால் நல்லது, ஏழுக்கு மேல் அவர்கள் தோட்டத்துக்குப் பேருந்து கிடையாதாம். என் காரில் விட்டுவிடுகிறேன் என்றேன், வழியில் காட்டெருமை நிற்கும் அக்கா, வெளிச்சத்திலேயே போய்விடுகிறோம் என்றான்.

தேதி முடிவானதும் இங்கேயே எழுதுகிறேன்.